தீவுக்குப் போகும் நாளில் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு பயணத்துக்கு நாள் குறிப்பதென்றால் முதலில் தண்ணீர் திறந்துவிடுபவரைக் கேட்க வேண்டும். பஞ்சாங்கம் அதற்குப் பிறகுதான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திண்டுக்கல்லில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எங்கள் தெருவில் போர் போட்டால் கிடைப்பது உப்புத் தண்ணீர். குடிக்கிற நல்ல தண்ணீர் தெருக்குழாயில் எப்போதோ ஒரு நாள் வரும். எந்த நாள் என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வந்தபோது வீட்டில் ஆள் இல்லையென்றால், அடுத்த முறை வரும்வரை அந்த வீட்டார் குடத்தைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அதனால் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள்கூட ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான்.

குழாயில் வேகம் இருக்காது என்பதால் எல்லா வீட்டு வாசலிலும் குழி தோண்டிக் குழாயை அதன் அடிக்கு இறக்கியிருந்தார்கள். ஒருவர் குழிக்குள் குத்தவைத்து உட்கார்ந்து குடத்தை நிரப்பித் தூக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் குழிக்குள் நுழையும் உடம்புவாகு அம்மாவுக்குத்தான் இருந்தது. பெரியம்மா ஒரே ஒருமுறை இறங்கி, ஏற முடியாமல், பெரியப்பாவும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்த பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தண்ணீர் இப்படி வந்ததால் தெருவே சந்தேகத்தில் பழகியிருந்தது. பக்கத்து வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று சுவரில் காதை வைத்துக் கேட்பதை அங்கே யாரும் தவறாக நினைக்கவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் சுவரில் காது வைக்கும் பொறுப்பு எனக்குத்தான் தரப்பட்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெரியப்பாவுக்கு வெங்காய மண்டி. அப்பா அவருக்குத் துணை. பெரியம்மா, அவளுடைய இரண்டு மகன்கள், அப்பா, அம்மா, நான் என எல்லோரும் ஒரே வீட்டில்தான். மதியம் மண்டி ஆட்களுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்து யாரும் பார்த்ததில்லை. பெண்கள் ஊருக்குப் போனாலும் ஆண்கள் சாப்பிட வருவார்கள். பெரியப்பா எதற்காகவும் மண்டியைப் பூட்டியதில்லை.

அவரையே மண்டியைப் பூட்ட வைத்தவர் செம்பட்டி மாமா, அதாவது அப்பாவின் தங்கை கணவர். தேங்காய் வியாபாரம் செய்தார். மண்டபம், பாம்பன் பக்கம் லோடு அனுப்புவதால் அங்கே தனக்கு ஆள் பலம் உண்டு என்பார். ஒரு நாள் கேபிள் டிவியில் ஏதோ ஒரு நாட்டில் வெள்ளைக்காரர்கள் படகில் ஏறித் தீவு தீவாக இறங்கிக் குளித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார். மறுநாளே எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நான்கு வட்டம் போட்டார்.

“ஒரே நாளு. ஒரு படகு. நாலு தீவு. ஒவ்வொண்ணுலயும் செத்த நேரம் நிக்கும். எறங்கணும், குளிக்கணும், ஏறணும்.”

பெரியப்பா வட்டங்களை நம்பிக்கையில்லாமல் பார்த்தார். “ஏன் மாப்ளே, தீவுல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல மச்சான். அதான் விசேஷமே.”

“யாருமில்லாத எடத்துக்கு நம்ம எதுக்குப் போகணும்?”

அப்போது அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். மாமாவிடம் அவள் நேராகப் பேசுவது அபூர்வம். “நெசமாவே யாருமே இருக்க மாட்டாகளாண்ணே?” என்று கேட்டாள்.

“ஒரு காக்கா குருவி இருக்காது தங்கச்சி.” பிறகு நேர்மையாகத் திருத்திக்கொண்டார். “குருவி இருக்கும். ஆளு இருக்காது.”

அம்மா மறுபடி கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள். ஆனால் நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கடையில் எட்டாத உயரத்தில் தொங்கும் ஒரு பொருளைப் பார்க்கிற முகம் அது. அம்மாவுக்குத் தீவைப் பார்க்க ஆசை என்று அங்கேயே முடிவு கட்டினேன். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இந்த முறை அவளைக் குழிக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் போக நான் விடப்போவதில்லை.

அதன்பிறகு வீட்டில் நடந்த ஏற்பாடுகளைச் சமவெளிக்காரர்கள் கடல்மேல் நடத்திய படையெடுப்பு என்று சொல்லலாம். மாமா லாரி டியூப்கள் கொண்டுவந்தார். பெரியம்மாவை ஒன்றுக்குள் நுழைத்துப் பார்த்துவிட்டு இன்னும் பெரியது கொண்டுவரப் போனார். தீவில் கக்கூஸ் இருக்குமா என்று பெரியம்மா கேட்டாள். தீவு முழுக்க அதுதான் என்றார் மாமா. குடிதண்ணீருக்கு இரண்டு பெரிய டிரம்கள் ஒதுக்கப்பட்டன.

“கண்ணுக்கெட்டின தூரம் தண்ணியாம். ஒரு வாய் குடிக்க முடியாதாம்ல,” என்றாள் பெரியம்மா.

“நம்ம ஊரு மாதிரித்தான். அங்க அதுக்குப் படகு விடுறான், அம்புட்டுதான்,” என்றார் அப்பா.

அப்பாவுக்கு மாமா மேல் சந்தேகம். மாமா மண்டபத்தைத் தாண்டிப் போயிருக்கவே மாட்டார் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியப்பாவுக்குப் படகுக்காரன் மேல் சந்தேகம். தீவில் இறங்க அரசாங்கம் விடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “எறங்குறது என்ன மச்சான், வீடே கட்டலாம்,” என்றார் மாமா. பெரியம்மா எல்லோரையும் பொதுவாகச் சந்தேகப்பட்டாள். நான் பெரியம்மாவைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் முடிவானது. வியாழக்கிழமை அம்மா வாசலிலிருந்து செய்தியோடு உள்ளே வந்தாள்.

“ஞாயித்துக்கெழம தண்ணி வருதாம். இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு.”

சொன்னவர் தண்ணீர் திறந்துவிடுபவர். காக்கிச் சட்டை, கம்பியில் நீளமான இரும்புச் சாவி கட்டிய சைக்கிள். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி அந்தச் சாவியை விட்டுத் திருகினால்தான் எங்கள் வரிசைக்குத் தண்ணீர். மண்டி வைத்திருக்கும் பெரியப்பாவே அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். அம்மா பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். அம்மாவைத் தங்கச்சி என்பார். எங்கள் வாசலில் மட்டும் இறங்கி மோர் குடிப்பார்.

பெரியம்மாவின் முகத்தைக் கவனித்தேன். அன்று காலையில்தான் அவள் தெருமுனையில் அதே மனிதரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவரிடம் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கணக்கு நேராக வந்தது. தண்ணீர் வரும் என்று அவரைச் சொல்ல வைத்துவிட்டால் அம்மா வரமாட்டாள். பயணத்துக்குப் பேசியிருந்த வேனில் இடம் தாராளமாகிவிடும்.

ஆனால் பெரியப்பா வேறொன்று செய்தார். “தண்ணி வர்ற அன்னைக்கு என்ன தீவு? அடுத்த ஞாயிறு போவோம்,” என்று பயணத்தையே தள்ளிவிட்டார். அம்மா, “எதுக்குத் தள்ளிப் போட்டுக்கிட்டு, நான் இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க,” என்று இரண்டு முறை சொன்னாள். பெரியப்பா கேட்கவில்லை. தம்பி மனைவியை விட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சு வரக்கூடாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குழாயில் காற்றுச் சத்தம்கூட வரவில்லை. தண்ணீர் புதன்கிழமைதான் வந்தது. நல்லதாயிற்று, இனி ஒரு வாரத்துக்கு மேல் கவலையில்லை, நிம்மதியாகத் தீவுக்குப் போகலாம் என்றார் அப்பா. மறுநாள் அம்மா மறுபடியும் வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

“இந்த ஞாயித்துக்கெழமையும் விடுறாகளாம்.”

அப்பா சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்தினார். “நேத்துத்தான விட்டான்? அதுக்குள்ள எப்படி வரும்?”

“அம்மன் கோயில் திருவிழாவுக்குன்னு சேத்து விடுறாகளாம். அவருதான் சொன்னாரு.”

நாங்கள் தேதியை மாற்றினோம். தண்ணீரும் கூடவே தேதியை மாற்றிக்கொண்டது. இது எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்குமே தெரிந்தது. ஆனாலும் ‘வராது’ என்று யாரும் சொல்லவில்லை. வரும் என்று நம்பிக் காத்திருந்து வராமல் போனால் ஒரு நாள்தான் வீண். வராது என்று நம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போய், வந்துவிட்டால் ஊர் சிரிக்கும். தண்ணீர் வரும் என்ற சொல்லை, அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தாலும், எங்கள் ஊரில் யாரும் தட்டமாட்டார்கள்.

இந்த முறை பயணத்தைத் தள்ள முடியாது என்றார் மாமா. காற்று திரும்பப் போகிறதாம். திரும்பிவிட்டால் படகுக்காரன் சின்னப் படகை எடுக்க மாட்டானாம். ஆகவே ஒருவர் இருந்தாக வேண்டும்.

“நான் இருக்கேன். எனக்கென்ன தீவு, கீவு,” என்றாள் பெரியம்மா, கூடத்துக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி.

“நீங்க போயிட்டு வாங்கக்கா. குழிக்குள்ள எறங்க உங்களால முடியாது,” என்றாள் அம்மா.

“அதுக்கில்ல. நீயும் பாவம், எங்கிட்டும் போனதில்ல.”

“பரவால்லக்கா. எனக்கு வெயிலு ஒத்துக்காது.”

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வத்தல் காயப்போடுகிறவள் என் அம்மா. பெரியம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்படியில் மகனிடம், “இவ எதுக்கு இம்புட்டு ஆசையா இருக்கேங்கிறா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. சாயங்காலம் பெரியப்பா பெரிதாக ஒரு பூட்டு வாங்கி வந்தார். பெரியம்மா அதைத் தன் அறைக்கதவில் போட்டு இழுத்துப் பார்த்தாள். குற்றம் செய்தவர்கள்தான் மற்றவர்களைச் சந்தேகப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஆதாரம் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தண்ணீர் திறந்துவிடுபவரின் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஞாயித்துக்கெழம நெசமாவே தண்ணி வருதா?”

“வரும். வரலாம்.” அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். “தண்ணி என்ன நம்ம சொல்பேச்சா கேக்குது?”

“யாரு அப்படிச் சொல்லச் சொன்னா?”

அவர் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு பெடலை மிதித்தார். “ஏத்தா, எதுன்னாலும் ஒங்கம்மாகிட்டயே கேட்டுக்க.”

நழுவுகிறார் என்று புரிந்துகொண்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு விடிவதற்குள் வேன் வந்துவிட்டது. டிரம்கள், டியூப்கள், புளியோதரைத் தூக்குகள், செம்பட்டியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்ட மாமாவும் அத்தையும். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வண்டியை நிறுத்தினார்கள். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். நான் வேனில் ஏறுவதற்கு முன் என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டு, “எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு,” என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. அடக்கிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தேங்காய் உடையும் சத்தம் கேட்டதும் என்னால் அதற்குமேல் முடியவில்லை. எனக்கும் அந்த நான்கு வட்டங்களின் மேல் ஆசை இருந்தது. முத்துச்சிப்பி பொறுக்குவேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“வாந்தி வர்ற மாதிரி இருக்குப்பா. நான் அம்மாகூட இருந்துக்கிறேன்.”

அப்பா தயங்கினார். “இறக்கிவிட்டுருங்க, வண்டில எடுத்துருச்சுன்னா ராமநாதபுரம் வரைக்கும் நாறும்,” என்றாள் பெரியம்மா. எவ்வளவு எளிதாக விடுகிறாள் என்று கவனித்துக்கொண்டேன். நான் எங்கள் வாசலை அடையும்வரை அப்பா வண்டிக்கு வெளியே நின்று பார்த்தார். கையசைத்தேன். வேன் திரும்பி மறைந்தது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன். மறுபடி தட்டினேன். உள்ளே ஏதோ அவசரமாகச் சுருட்டப்படும் சத்தம் கேட்டது. “யாரு?” என்ற குரல் அம்மாவுடையதாகவே இல்லை.

“நாந்தாம்மா.”

தாழ் விலகியது. அம்மா கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தாள். தலையில் எண்ணெய். கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, பெரியப்பா மட்டுமே படுக்கும் இடத்தில், பாய் பாதி சுருட்டியபடி கிடந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, வாரப் பத்திரிகைகள் ஒரு கட்டு, தலையணை. ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. குடங்கள் எல்லாம் பரணில் கவிழ்த்தபடியே இருந்தன. குழியின் பலகை மூடியைக்கூட அவள் எடுக்கவில்லை.

“ஏன் வந்த?”

“உன்னயத் தனியா விட்டுட்டுப் போக எனக்குப் பிடிக்கல. அதான் எறங்கிட்டேன்.”

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறி முடித்து அவள் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் வாசலில் விருந்தாளி வந்து நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். பிறகு அந்த முகம் மாறியது. “வாத்தா, உள்ள வா,” என்றாள். கூந்தலைக் கொண்டையாக முடிந்தாள். பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள். காபியை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்குத் தோசை ஊற்ற அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று முழுக்க நான் அவளை விட்டு நகரவில்லை. அவளுக்குத் தனிமை தெரியக்கூடாது என்பதில் குறியாக இருந்தேன். அவள் பத்திரிகையைக் கையில் எடுத்தபோதெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். மதியம் கண்ணை மூடியபோது தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறாள் என்று எண்ணிக் கதை சொன்னேன். அவளும் எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினாள்.

தீவுகளைப் பற்றிப் பிறகு நான் கேட்டறிந்தது கொஞ்சம்தான். எதிலும் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. படகு இரண்டு தீவுகளைத் தூரத்திலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பியது. பெரியம்மா டியூபைக் கழற்றாமலேயே போய் வந்தாள். எங்கள் டிரம்களில் மிச்சமிருந்த தண்ணீரைப் படகுக்காரரின் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். நல்ல தண்ணீர் என்றார்களாம். வீட்டில் அதை மட்டும் பெருமையாகச் சொன்னார்கள்.

எங்கள் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. அம்மா ஒருமுறைகூடக் குழாயைப் போய்ப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் தண்ணீர் திறந்துவிடுபவர் சைக்கிளில் வந்தார். இரும்புச் சாவி இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்று அவருக்கு வேலையே இல்லை போலும். வாசலில் அம்மாவோடு என்னையும் பார்த்ததும் பிரேக் பிடித்தார்.

“என்ன தங்கச்சி, பாப்பா போகலையா?”

“பாதியில எறங்கி வந்துருச்சுண்ணே. எனக்குத் தொணைக்காம்.”

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். “அடடா,” என்றார். துக்க வீட்டில் சொல்வதைப் போல இருந்தது. “ரெண்டு வாட்டி சொல்லியும் இப்படி ஆகிப்போச்சே.” அம்மா சிரித்தாள். மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

அவரிடம் அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்பது அந்த வாசலிலேயே, என் கண் எதிரிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குற்றவாளி நடந்ததற்கு வருந்துகிறார் என்பதுதான். அவரை முறைத்தேன். மோரைக் குடித்துவிட்டு அவர் போகும்வரை முறைத்தேன்.

பிறகு, அத்தனை நாள் அடைகாத்த உண்மையை அம்மாவிடம் சொன்னேன். தண்ணீர் வரும் என்பதே பொய், பெரியம்மாதான் அவரை அப்படிச் சொல்ல வைத்தாள், தெருமுனையில் இரண்டு பேரும் சிரித்துப் பேசியதை நான் பார்த்தேன், இனிமேல் அவளை நம்பாதே என்றேன்.

அம்மா வாசல் படியில் உட்கார்ந்தாள். தெருவில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. என் தலையில் வாடிப்போயிருந்த கனகாம்பரத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“பெரியம்மாவ ஒண்ணும் சொல்லாத. அவுக மேல ஒரு தப்பும் இல்ல,” என்றாள்.

இவ்வளவு நடந்த பிறகும் ஒரு வார்த்தை குறை சொல்ல மறுக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை எல்லோரும் எங்காவது கிளம்பினால் முதல் ஆளாக நானே வீட்டில் தங்கி, அம்மாவை ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க விடக்கூடாது என்று அந்தப் படியிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.